உயிர் காலேஜ், செத்த காலேஜ்

எழுபதுகளில் கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளோடு ஒருநாள் சுற்றிவருவோம். காலையில் சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சிசாலை. அது 'உயிர் காலேஜ்'. கட்டுச்சோறு தின்றதும் எழும்பூர் மியூசியம். திமிங்கில எலும்புக்கூடு இருந்த அது 'செத்த காலேஜ்'.

இரண்டும் கூடப் பிறந்தவை. 1851-இல் மியூசியம் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். அது எழும்பூருக்கு மாறியபின், டாக்டர் எட்வர்டு பால்ஃபர் 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். பிற்பாடு அவை பீப்பிள்ஸ் பார்க் போயின.

1985-இல் வண்டலூர்ப் பூங்கா திறந்தது. விலங்குகளுக்கு இடம் தாராளம், நல்லதே. ஆனால் 'உயிர் காலேஜ்' என்ற பேர் வண்டலூருக்குப் போகவில்லை. பேரப்பிள்ளைகளிடம் நாம் சொன்னால்தான் உண்டு.