ஓயாது குறைகூறும் இளையோர்க்கு மூத்தோர் அறிவுரை: கிட்டங்கி முறை காட்டும் வழி

பணியிடத்தில் ஓயாமல் குறை சொல்லும் இளையவருக்கு மூத்தவர் தரும் அறிவுரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக முடிகிறது: "பொறுத்துப் போ" என்று சொல்வது, அல்லது கூடச் சேர்ந்து புலம்புவது. இரண்டாலும் இளையவரின் தொழில் ஓரடியும் நகர்வதில்லை. குறையை யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொன்னால் பலிக்கும் என்று காட்டுவதே நேர்மையான அறிவுரை. அரியக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்துக் கிட்டங்கி முறையில் (பல லேவாதேவிக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இயங்கிய ஏற்பாட்டில்) இத்தகைய அறிவுரையின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்தே பார்க்கலாம்.

அந்த லேவாதேவிக் கடைகளில் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையைப் பெருக்குவது, எடுபிடி வேலை, கடிதங்களைப் படியெடுப்பது, வசூலுக்கு அலைவது எல்லாம் அவன் பொறுப்பு. குறிப்பேடும் பேரேடும் கைவந்த பின் அடுத்தாள் ஆவான். ஐந்தொகை எடுத்துக் கடையை நடத்தும் திறம் வந்தால் மேலாள். கடைக்குப் போகிறவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குச் சேர்ந்துவிடும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள் இருந்தன. ஒரு கடைக்கு ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, பின்னால் ஓர் அலமாரி. இரவில் படுக்கையும் அங்கேதான்.

இந்த ஏற்பாட்டில் மூத்தவரின் சொல்லுக்கு எடை இருந்ததற்குக் காரணம் வெளிப்படை. மேலாளும் ஒருகாலத்தில் அதே பெட்டியடியில் உட்கார்ந்தவர். பக்கத்துப் பெட்டிக்காரர் தம் பையனை எப்படி நடத்துகிறார் என்பதும் கண்ணெதிரே தெரியும்; குறை மிகையா மெய்யா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு சாட்சி தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைக்கு ஒரு கெடு இருந்தது. தவணை நடுவில் சம்பளத்தைப் பற்றி அங்கலாய்ப்பது வீண். அடுத்த சீட்டு எழுதும்போது அதே பேச்சு நியாயமான கோரிக்கை. இன்றைய அலுவலகத்திலும் இதையே முதலில் கேட்க வேண்டும்: இது யார் கையில் இருக்கிறது, எப்போது மாறக்கூடும்? பதில் இல்லாத குறையை விட்டுவிடச் சொல்லலாம்.

கடினமான பகுதி வேறு. குறை சொல்வதே ஒருவருக்குப் பெயராகிவிட்டால் அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. கிட்டங்கி முறையில் அடுத்த தவணைக்கு ஆளை எடுக்கும்போது கடையில் எடுத்த பெயரும் கூடவே வந்தது. அதைப் பையனிடம் மறைத்த மேலாள் அவனுக்குத் தீங்கே செய்தார். தனியே அழைத்து, நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டி, ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுவது இரக்கத்திற்கு மாறானதல்ல.

கிட்டங்கி முறையின் கோளாறும் இங்கேதான். மேலாளின் ஆதாயம் கடையின் லாபத்தோடு கட்டப்பட்டது. பையன் போய்விட்டால் வேலை அவர் தலையில் விழும். அவர் சொல்லும் "பொறு" பையனின் நலனுக்கா, கடையின் நலனுக்கா என்று பிரித்தறிய வழியில்லை. முன்பணம் வாங்கிக் கடல் கடந்தவனுக்கு விலகும் வழியும் அடைபட்டிருந்தது. ஒரு நிறுவனம் சரியும்போது அதில் இருப்பவர்களுக்குக் குரல் எழுப்புவதும் வெளியேறுவதும் ஆகிய இரு வழிகள் உண்டு என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதினார். பெட்டியடிப் பையனுக்கு இரண்டாவது வழி பெயரளவில்தான் இருந்தது. முதலாவதும் மேலாளைத் தாண்டி எளிதில் போகாது. அப்படிப்பட்டவனின் புலம்பலைக் குணக்கேடு என்று தள்ளுவது நியாயமாகாது.

எனவே அறிவுரை சொல்பவர் அதில் தமக்குள்ள ஆதாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குறை மெய்யானால், அதை மேலிடத்துக்குத் தாமே எடுத்துச் செல்ல வேண்டும். அது முடியாதவர் "வேறு இடம் பார்" என்று வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர்.