தலைமுடி உதிர்தலும் தோட்டத்துக் கைவைத்தியமும்: பீடோர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்குத் தலைமுடி கொட்டும் என்பது தமிழ்ப் பெண்களிடையே வழிவழியாக வழங்கிவரும் நம்பிக்கையாகும். தமிழகச் சிற்றூர்களில் வழங்கிய இந்நம்பிக்கை மலாயாத் தோட்டங்களின் லயங்களிலும் வழங்கியது. இன்றும் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பேற்றுக்குப் பின் முடி கொட்டும்போது பாட்டிமார் இதனையே சொல்லித் தேற்றுவர். கேட்டவுடன் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது ஏறத்தாழ இரண்டாம் மூன்றாம் மாதத்தில். மகப்பேற்றிற்குப் பிறகு முடி மிகுதியாக உதிரத் தொடங்குவதும் பெரும்பாலும் அதே காலத்தில்தான். காரணத்தைத் தவறாகச் சொன்ன மூதாட்டிகள் காலத்தை மிகச் சரியாகக் கணித்திருந்தனர்.

இவ்வொரு செய்தியைக் கைவிளக்காகக் கொண்டு, பீடோரை உள்ளிட்ட பேராக் மாநிலத் தோட்டப்புறத் தமிழர் முடி உதிர்தலுக்குக் கையாண்ட இயற்கை வைத்திய முறைகளை அவர்தம் வாழ்க்கைச் சூழலோடு பொருத்திக் காண இக்கட்டுரை முற்படுகிறது. தோட்ட நிருவாகத்தின் ஏடுகள் காய்ச்சலைப் பதிந்தன; இறப்பைப் பதிந்தன; வேலைக்கு வராத நாளைப் பதிந்தன. உதிர்ந்த முடியை எந்தக் கிராணியும் கணக்கெழுதவில்லை. எனவே, எந்த நோயால் முடி உதிர்ந்தது என்பதை அறிய அதற்குச் செய்யப்பட்ட வைத்தியத்தையே ஆவணமாகக் கொள்ள வேண்டியுள்ளது.

பழந்தமிழ்ப் பின்புலத்தைச் சுருக்கமாகக் கூறிக் கடக்கலாம். கூந்தலைப் பேணுதல் தமிழரிடையே தொன்மையான கலை. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலாடி, அகிற்புகையில் உலர்த்தியதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கை வற்புறுத்துகிறது. மாதவியின் கூந்தல் அழகுக்குரியது. தேரையரின் முழுக்கு நலத்துக்குரியது. பால்மரம் வெட்டச் சென்ற பெண்ணுக்கு இவ்விரண்டும் எட்டாத தொலைவில் இருந்தன என்பதே நாம் கருதவேண்டியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, தலைத்துணி கட்டி, மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து திரும்புபவளுக்கு நான்கு நாளுக்கொரு முழுக்கு வாய்ப்பது அரிது. விடுமுறை நாளில் கிடைத்த ஒரு முழுக்கே அவளுக்கு விதியாயிற்று.

காய்ச்சலும் கொக்கிப் புழுவும்

பீடோர், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்கைக்கும் இடையே, தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர். ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் இப்பகுதியை உருவாக்கின. இன்று கொய்யாவுக்குப் பெயர் பெற்றுள்ளது. இந்த மலையடிவார அமைப்பு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. சிலாங்கூரில் 1901ஆம் ஆண்டு முதல் மலேரியாத் தடுப்பில் ஈடுபட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், கடலோரச் சமவெளிக்கு ஏற்ற வடிகால் முறை குன்றுப்பகுதித் தோட்டங்களில் பயனளிக்கவில்லை என்பதைக் கண்டறிந்தார். காடழித்த குன்றுகளில் வெயில் படும் தெளிந்த சிற்றோடைகளிலேயே மாகுலாட்டஸ் என்னும் கொசுவினம் பெருகியது. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்ட செயலே காய்ச்சலைக் கொணர்ந்தது. 1910ஆம் ஆண்டையொட்டிய இரப்பர் விலையேற்றத்தின்போது அவசரமாகத் திறக்கப்பட்ட உட்பகுதித் தோட்டங்கள் இதற்குப் பெருவிலை கொடுத்தன.

காய்ச்சலோடு இன்னொன்றும் சேர்ந்தது. இராக்பெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையிலான குழு 1915 முதல் 1917 வரை மலாயா, சாவகம், பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப் புழு நோயை ஆராய்ந்தது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உடலுள் புகும் இப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுவது. அதனால் இரும்புச்சத்துக் குறைந்து சோகை உண்டாகிறது. காய்ச்சல், சோகை, அடுத்தடுத்த பேறு, போதாத உணவு ஆகிய நான்கும் ஒரே உடலில் கூடின. 1941 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி மரவள்ளிக்கிழங்கே உணவானபோது இந்நிலை மேலும் முற்றியது.

முடியின் இயல்பை இவ்விடத்தில் விளக்குதல் வேண்டும். நம் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு வளர்நிலையிலும் எஞ்சியவை ஓய்வுநிலையிலும் இருக்கும். ஓய்வுநிலையின் காலம் ஏறத்தாழ மூன்று மாதம். அது முடிந்தபின் முடி உதிர்ந்து, அதே வேரில் புதுமுடி தோன்றும். கடுங்காய்ச்சல், பேறு, பட்டினி, குருதியிழப்பு ஆகியவற்றால் உடல் தாக்குண்டால், வளர்நிலையில் உள்ள முடிகள் பெருந்தொகையாக ஒரே வேளையில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. அவை கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்தே. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961ஆம் ஆண்டில் இதற்குத் தனிப்பெயரிட்டு விளக்கினார். இவ்வகை உதிர்வில் வேர் அழிவதில்லை. தாக்கிய காரணம் நீங்கினால், பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் முடி தானே மீளத் தொடங்கும்.

தோட்டத்துப் பெண்ணின் நிலையை இதனோடு ஒப்பிடுக. காய்ச்சல் கண்டு, தோட்டத்து டிரசர் கொடுத்த கொயினா மருந்தை விழுங்கி எழுந்தவளுக்கு இரண்டு மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வருகிறது. அவள் அதைக் காய்ச்சலோடு தொடர்புபடுத்தினாளோ இல்லையோ, கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சித் தடவினாள். முருங்கைக்கீரை சமைத்து உண்டாள். சில மாதங்களில் முடி முளைத்தது. எண்ணெய்க்குப் புகழ் சேர்ந்தது. அப்புகழில் எத்தனை பங்கு எண்ணெய்க்கு உரியது, எத்தனை பங்கு காலத்திற்கும் கீரைக்கும் உரியது என்பதே வரலாற்றாசிரியன் எழுப்பவேண்டிய வினா.

கொல்லையில் முளைத்ததும் கடையில் வாங்கியதும்

புலம்பெயர்ந்தோர் வைத்தியம் தாயக வைத்தியத்தின் நேர்ப்படி அன்று. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் முடிக்குப் பயன்பட்ட பொருள்கள் பல, மழை மிகுந்த பேராக்கில் கைக்கெட்டவில்லை. தலைகசக்க உதவும் அரப்பும், ஆவாரம்பூவும், புழுவெட்டுக்குத் தேய்க்கும் ஆற்றுத்தும்மட்டிக்காயும் வறள்நிலத்துச் செல்வங்கள். சீயக்காய் கடைச்சரக்காகக் கடல் கடந்து வந்தது. ஆகவே, எது இங்கே முளைத்ததோ அது வைத்தியத்தின் நடுவிடத்தைப் பிடித்தது.

கரிசலாங்கண்ணி இவற்றுள் முதன்மையானது. ஈரமான வடிகால் ஓரங்களில் தானே முளைக்கும் இச்செடி மலாய் மக்களிடையே ஊராங் ஆரிங் எனப் பெயர்பெற்று, அவர்களுக்கும் முடித்தைலத்திற்கு உரியதாக விளங்குகிறது. தமிழரும் மலாய்க்காரரும் ஒருவரிடம் ஒருவர் கற்காமலே ஒரே களைச்செடியை ஒரே நோக்கத்திற்குப் பயன்படுத்தினரா, பழைய வணிகத் தொடர்பின் வழி இவ்வறிவு பரவியதா என்பது தனியே ஆராயத்தக்கது. நெல்லியின் கதை இன்னும் சுவையானது. மலாய்மொழியில் மலாக்கா மரம் எனப்படுவது நம் நெல்லி மரமே. மலாக்கா நகரின் பெயரே அம்மரத்தால் வந்தது எனத் தொன்மரபு கூறும். செம்பருத்தியோ 1960ஆம் ஆண்டில் இந்நாட்டின் தேசிய மலரானது. அதன் இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பான சாற்றைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது சீயக்காய்க்குச் செலவிட இயலாத வீட்டுக்கு எளிய வழியாயிற்று.

எண்ணெயிலும் மாற்றம் நிகழ்ந்தது. தமிழகத்தின் பல பகுதிகளில் முழுக்குக்குரியது நல்லெண்ணெய். பேராக்கிலோ தேங்காய்க்குக் குறைவில்லை. கீழ்ப்பேராக்கின் பாகான் டத்தோ நாடறிந்த தென்னைப் பகுதி. கரிசாலைச் சாறு, கறிவேப்பிலை, வெந்தயம், நெல்லிக்காய் ஆகியவற்றைத் தேங்காயெண்ணெயில் இட்டு, நீர்ப்பதம் வற்றிச் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சி வடிப்பது வழக்கம். சாறு வற்றாமல் இறக்கினால் எண்ணெய் சிக்கிப்போகும், மிஞ்சினால் கருகும். பதம் அறிந்து இறக்குவதே இவ்வைத்தியத்தின் கல்வி. அது எழுத்தில் இல்லை, கையில் இருந்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் லயத்து வீட்டுக் கொல்லைகளில் நின்றவை. இவற்றைப் பறிக்க எவரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

புழுவெட்டு வேறு வகை. தலையிலோ தாடியிலோ காசளவு வட்டமாக முடி உதிர்ந்து தோல் வழுவழுப்பாவது. பெயரைக் கொண்டு புழு அரித்தது என்று எண்ணலாகாது. உடலின் தற்காப்பாற்றலே முடிவேரைத் தாக்குவதால் வருவது இது. இதற்குத் தோட்டத்தார் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தனர். 2002ஆம் ஆண்டில் ஈராக்கிய மருத்துவர் இருவர் புழுவெட்டுக் கண்ட 38 பேரிடம் இதனைச் சோதித்தனர். வெங்காயச் சாறு தடவிய 23 பேருள் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. வெறும் குழாய்நீர் தடவியோரில் மிகச் சிலருக்கே முளைத்தது. சிறிய ஆய்வுதான், புழுவெட்டு பலருக்குத் தானே ஆறிவிடுவதும் உண்டு. எனினும், பாட்டியின் வெங்காயத்தை நகைத்தவர்கள் சற்று நின்று எண்ண வேண்டியுள்ளது.

ஏனைய பொருள்களைப் பற்றிய சான்றுகள் இவ்வளவுகூட இல்லை. 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் செம்பருத்தி இலைச் சாரமும், 2008ஆம் ஆண்டு ஆய்வில் கரிசலாங்கண்ணிச் சாரமும் முடி வளர்ச்சியைத் தூண்டின. இரண்டும் எலிகளின் முடி. தேங்காயெண்ணெயைப் பற்றித்தான் உறுதியாகப் பேச இயலும். 2003ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர் இருவர், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் செய்ய மாட்டாத ஒன்றைத் தேங்காயெண்ணெய் செய்வதைக் காட்டினர்: அது முடியிழையின் உள்ளே ஊடுருவிப் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது. அதாவது, இருக்கும் முடி முறியாமல் காக்கிறது. இல்லாத முடியை முளைப்பிப்பது வேறு செயல். இவ்வேறுபாட்டைத் தமிழில் 'முடி கொட்டுதல்' என்னும் ஒரே சொல் மறைத்துவிடுகிறது. வேரோடு உதிர்வதும் இடையில் முறிவதும் நமக்கு ஒன்றே.

சொல் மாறாமல் பொருள் மாறியது

இன்று ஈப்போ லிட்டில் இந்தியாவின் கடைகளிலும் இணையச் சந்தையிலும் 'இயற்கை மூலிகைத் தைலம்' எனும் புட்டிகள் வழுக்கையை மீட்பதாக உறுதி கூறி விற்கப்படுகின்றன. பாட்டியின் படமும் கரிசாலையின் பெயரும் புட்டியில் உண்டு. ஆனால் அவை விற்கப்படும் நோய் பாட்டியின் நோய் அன்று. ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் வெறுமையாகும் மரபுவழி வழுக்கை, ஆண்மைச் சுரப்போடு தொடர்புடையது என்பதை ஜேம்ஸ் ஆமில்டன் 1942ஆம் ஆண்டில் நிறுவினார். இதில் முடிவேர் சிறுகச் சிறுகச் சுருங்கிவிடுகிறது, காத்திருந்தால் திரும்புவதில்லை. 1988இல் மினாக்சிடில் பூச்சும் 1997இல் பினாஸ்டெரைடு மாத்திரையும் அமெரிக்காவில் இதற்கென ஏற்கப்பட்டன. அவையும் பயன்படுத்தும் வரையே பயன்தருவன. காய்ச்சலுக்குப்பின் முளைத்த முடியின் புகழை எடுத்து, முளைக்க மாட்டாத தலைக்கு விற்பதே இவ்வணிகம். இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. மக்காசார் எண்ணெய் எனும் பெயரில் கீழைத்தீவுகளின் புகழை விற்ற இலண்டன் வணிகரால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வீட்டு நாற்காலிகளுக்கு எண்ணெய்க்கறை படாத மேல்துணியே தேவைப்பட்டது!

2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சித்த மருத்துவத்தை உள்ளிட்ட இந்திய மரபு மருத்துவத்திற்கு மலேசியாவில் இடமளித்துள்ளது. எனினும் சட்டம் பதிவுசெய்வது மருத்துவரை. லயத்துக் கொல்லையின் கைவைத்தியத்தைப் பதிவுசெய்யும் பணி தமிழாசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் உரியது. மூதாட்டியிடம் எந்த இலை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வது போதாது. எப்போது கொட்டியது, அதற்கு முன் காய்ச்சலா, பேறா, எத்தனை மாதத்தில் முளைத்தது, அப்போது என்ன உண்டார்கள் என்றும் கேட்க வேண்டும். செடியையும் நேரில் காட்டச் சொல்ல வேண்டும். சாலையோரங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் மஞ்சட்பூக் கொடியொன்று தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஒத்த பூவும் இலையும் உடையதாதலின் அதுவே இதுவெனக் கொள்ளும் பிழைக்கு இடமுண்டு.

காட்டுவதற்குச் செடி எங்கே என்பதுதான் இடர்ப்பாடு. 1970களிலிருந்து பேராக்கிலும் இரப்பர் அழிந்து செம்பனை பரவியது, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குச் சென்றன. தோட்டத்தில் எஞ்சிய பெண்களுக்குப் பால்மரத்திற்குப் பதிலாகக் கிடைத்த வேலைகளுள் ஒன்று, முதுகில் குப்பி சுமந்து களைக்கொல்லி தெளிப்பது. 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பாராகுவாட்டும் அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்று. வடிகால் ஓரத்துக் கரிசாலை, தெளிப்பவளுக்கு வெறுங்களை. அவ்வேலைக்குத் தோட்டத்தில் வழங்கிய பெயர் மருந்தடித்தல்.