ஊர் ஒதுக்கிய துரை

ஏரிக்கரையில் பெரிய வீடு. வயலில் விளைந்த டர்னிப் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது, பிடுங்க ஆளில்லை. குதிரைக்கு லாடம் அடிக்க கொல்லன் வரவில்லை. துணி வெளுக்கிறவளும் நின்றுவிட்டாள். கடைத்தெருவில் காசை நீட்டினாலும் சாமான் கிடைக்காது. துரையை யாரும் அடிக்கவில்லை. அப்படி ஓர் ஆள் இருப்பதாகவே ஊர் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டம், 1880. லாஃப் மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் அந்தத் துரை. குத்தகை வசூலிப்பது அவர் வேலை. விளைச்சல் பொய்த்திருந்ததால் குத்தகையில் 25 சதவீதம் தள்ளுபடி கேட்டார்கள் குடியானவர்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில், நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் வந்தது. கொண்டுவந்தவரை ஊர்ப் பெண்கள் சேற்றையும் கல்லையும் வீசி விரட்டினார்கள்.

அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 19 அன்று, எனிஸ் நகரில் அயர்லாந்து அரசியல் தலைவர் சார்லஸ் பார்னெல் பேசினார். விரட்டப்பட்டவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்டார். ‘சுட்டுக் கொல்லுங்கள்’ என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் பார்னெல்: சாலையில், கடையில், சந்தையில், கோயிலில் கூட அவனைத் தனியே விட்டுவிடுங்கள். மேயோ மக்கள் அதே மருந்தை ஏஜெண்டுக்குக் கொடுத்தார்கள்.

அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் பேர் கொண்ட ராணுவமும் போலீசும்! ஏறக்குறைய 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற ஆன செலவு சுமார் 10,000 பவுண்டு. ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் என்று கணக்குச் சொல்லிச் சிரித்தார் பார்னெல். நவம்பர் இறுதியில் துரை கிளம்பியபோது வண்டியோட்டக்கூட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை; ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போனார்.

இந்தத் தண்டனைக்கு என்ன பெயர் வைப்பது? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத்தும் உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலியும் யோசித்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு கிரேக்க வழி வந்த சொல் ஒன்று இருந்தது. ஆனால் குடியானவர்களுக்கு அது புரியாது என்றார் பாதிரியார். ஊருக்கே தெரிந்த சொல் ஒன்றுதான் இருந்தது. அது துரையின் பெயர்: கேப்டன் சார்லஸ் பாய்காட்.

சில வாரங்களில் அந்தப் பெயர் லண்டன் பத்திரிகைகளில் வினைச்சொல் ஆனது. பிரெஞ்சும் ஜெர்மனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் பிரிட்டிஷ் பொருள்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டவர்களுக்கும் அதே சொல்தான் கைகொடுத்தது.

ஊர்விலக்கு நமக்குப் புதிதல்ல. இங்கே பெரும்பாலும் பலமுள்ளவர்கள் எளியவர்களை ஒதுக்கினார்கள். மேயோவில் எளியவர்கள் பலமுள்ளவரை ஒதுக்கினார்கள். அந்தத் தலைகீழ் மாற்றத்துக்குத்தான் புதுச்சொல் தேவைப்பட்டது.