கோலமும் கணிப்பொறியும்

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவர் வீட்டை அடையாளங் காணப் பெயர்ப்பலகை வேண்டுவதில்லை. தில்லிக் கரோல்பாக்கிலும் மும்பை மாதுங்காவிலும் வாயிற்படியருகே இடப்பட்ட கோலமே அதைச் சொல்லிவிடும். ஊரில் தெருவை அடைத்துப் போட்ட கோலம் இங்கே, அடுத்த வீட்டாரின் கதவுக்கு இடைஞ்சலின்றி, மாடிக் குடியிருப்பின் நடையில் சுருங்கிக் கிடக்கிறது. ஆயினும் அது அதே கோலந்தான். பதினைந்து புள்ளியை ஏழாகக் குறைத்த பின்னும் அது எவ்வாறு அதே கோலமாக இருக்கிறது? அளவு மாறினும் விதி மாறவில்லை, அதுவே விடை. சிறியதொரு விதியைத் திரும்பத் திரும்பச் செயற்படுத்திப் பெரியதோர் உருவை வளர்க்கும் இக்கருத்து, கணித உலகில் வளர்ந்த வரலாற்றை இங்கே காண்போம். அவ்வரலாற்றில் நம் வாசற்கோலத்துக்கும் ஓர் இடம் உண்டு.

1904ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் ஹெல்கே ஃபான் காக் புதுமையான வளைகோடு ஒன்றை விவரித்தார். விதி மிக எளிது. ஒரு நேர்கோட்டை மூன்று சம பாகங்களாக்குக. நடுப்பாகத்தை நீக்கி, அவ்விடத்தில் அதே நீளமுள்ள இரு கோடுகளைக் கூரைமுகடு போல நிறுத்துக. கிடைத்த நான்கு கோடுகளுக்கும் மறுபடி அதையே செய்க. சமபக்க முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் இவ்வாறு செய்தால் பனித்துகள் போன்றதோர் உரு தோன்றும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் எல்லைக்கோடு மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. அந்நீட்சிக்கு முடிவே இல்லை. ஆனால் அது அடைக்கும் பரப்போ முதல் முக்கோணத்தின் 1.6 மடங்கை ஒருபோதும் தாண்டுவதில்லை. ஐந்தாம் சுற்றில் 3,072 கோடுகள். பொறுமை உள்ளவர் கையால் வரைந்துவிடலாம். பத்தாம் சுற்றில் 31,45,728 கோடுகள். அங்கே மனிதக் கை ஓய்ந்துவிடுகிறது.

கை ஓய்ந்த இடத்தில் சிலர் சிந்தையால் மேலே சென்றனர். முதல் உலகப் போரில் முகத்தில் கொடுங்காயமுற்ற பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் ஜூலியா, 1918இல் நெடியதோர் ஆய்வுரையை வெளியிட்டார். ஓர் எண்ணை ஒரு விதிப்படி மாற்றி, வந்த விடையை மீண்டும் அதே விதிக்கு உட்படுத்தினால் இறுதியில் என்ன ஆகும் என்பதே அவர் வினா. அவர் நாட்டவரான பியேர் ஃபாத்துவும் அதே வினாவைத் தனியே ஆராய்ந்தார். எண்களுக்குள் மறைந்திருந்த அவ்வுருவங்களை முழுமையாக வரைந்து காட்டும் கருவி அவர்கள் காலத்தில் இல்லை.

அறுபது ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறி அக்குறையைத் தீர்த்தது. 1978இல் புரூக்ஸ், மட்டெல்ஸ்கி என்னும் இருவர், நட்சத்திரக் குறிகளை அடுக்கிக் கரடானதொரு படத்தை அச்சிட்டனர். 1980இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் பெனுவா மாண்டல்பிராட் அவ்வுருவைக் கணிப்பொறியில் விரிவாக ஆராய்ந்தார். பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க, கிளைக்குள் கிளையும் சுருளுக்குள் சுருளுமாக அது விரிந்தது. இத்தகைய உருக்களுக்கு 'ஃபிராக்டல்' என்னும் பெயரை அவர் 1975இலேயே சூட்டியிருந்தார்.

இதற்கிடையில் வேறொரு துறையிலும் இக்கருத்து தலையெடுத்தது. செடிகொடிகளின் வளர்ச்சியை ஆராய்ந்த அரிஸ்டிட் லிண்டன்மேயர், 1968இல் அதை எழுத்துக்களால் எழுதிக் காட்டினார். 'அ' என்பது 'அஇ' ஆகுக. 'இ' என்பது 'அ' ஆகுக. இவ்விரு விதிகளையும் எல்லா எழுத்துக்களுக்கும் ஒரே சமயத்தில் செலுத்தினால், அ, அஇ, அஇஅ, அஇஅஅஇ என்று தொடர் வளர்கிறது. எழுத்துக்களின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 எனப் பெருகுகிறது. உயிரணுக்கள் பெருகுவதும் இவ்வாறே என்பது அவர் கருத்து.

சொற்களுக்கு இலக்கணம் உண்டு. படத்துக்கும் இலக்கணம் உண்டா? இவ்வினாவைச் சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறித்துவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் எழுப்பினர். அவர்கள் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கோலத்தையே பொருளாகக் கொண்டது. கோலத்தின் கூறுகளை எழுத்துக்கள் போல வரிசைப்படுத்தி, சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் பிறக்கும் விதிகளை அவர்கள் வகுத்தனர்.

பின்னர் 1986இல் புருசின்கியேவிச் என்னும் அறிஞர், லிண்டன்மேயரின் எழுத்துக்களை ஓர் 'ஆமை'க்கு இடும் கட்டளைகளாக்கிக் காட்டினார். நேரே செல், இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்னும் கட்டளைப்படி அந்த ஆமை கணிப்பொறித் திரையில் கோடு இழுத்துச் செல்லும். புள்ளியைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிக் கோலத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஏது? கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த நினைவு மலரில், கமலா கிருத்திவாசனும் புருசின்கியேவிச்சும் மற்றோர் ஆய்வாளரும், இந்த எழுத்து விதிகளைக் கோலத்துக்கும் கர்நாடக இசைக்கும் பொருத்திக் கட்டுரை எழுதினர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கோலங்கள் யாவும் ஃபிராக்டல் என்று சொல்லிப் பெருமை கொள்வது பொருந்தாது. மலர்க்கோலத்துக்கும் தேர்க்கோலத்துக்கும் அப்பெயர் செல்லாது. நம் பாட்டிமார் உயர்கணிதம் கற்றவர் என்பதும் மிகையே. ஆனால் அவர்கள் வெறும் படத்தைப் பார்த்து எழுதினார்கள் என்பதும் பிழை. புள்ளியை எண்ணி, கம்பி எங்கே திரும்பும் என்று அறிந்து, தொடங்கிய இடத்தில் கொண்டு சேர்த்தார்கள். அவர்கள் கையில் இருந்தது விதி.

அந்த விதியே இன்று நம்மிடமிருந்து நழுவுகிறது. வெளி மாநிலங்களில் மாவுக்கும் வாசலுக்கும் பஞ்சம். ஆகவே ஒட்டுத்தாள் கோலத்தை வாங்கி நிலைப்படியருகே ஒட்டிவிடுகிறோம். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒட்டுத்தாள் ஒரே ஒரு படத்தை மட்டும் காக்கும். ஏழு புள்ளியைப் பதினைந்தாக வளர்க்கும் வழியை அது சொல்லாது. அவ்வழி அறிந்த மூதாட்டி ஊரில் இருக்கிறார். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதக் கற்ற பேத்தி இங்கே இருக்கிறாள்.

அடுத்த விடுமுறையில் இருவரையும் ஒரு தாளின் முன் அமர்த்துவோம். பாட்டி மூன்று புள்ளிக் கம்பிக் கோலத்தை இழுக்கட்டும். கை திரும்பும் ஒவ்வோர் இடத்தையும் பேத்தி குறித்துக்கொள்ளட்டும். பின்பு ஐந்து புள்ளி, அதன்பின் ஏழு. அக்குறிப்புகளுக்குள் விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று இருவருமாகத் தேடட்டும். கண்டுபிடித்துவிட்டால், ஒன்பது புள்ளிக் கோலத்தைக் கணிப்பொறி போட்டுக் காட்டும். அது சரியா என்று பாட்டி சொல்லுவார்.