நியூ பாரஸ்ட் மிதிவண்டித் தடங்கள்

நியூ பாரஸ்ட் மிதிவண்டித் தடங்கள் என்பவை தென் இங்கிலாந்தின் நியூ பாரஸ்ட் தேசியப் பூங்காவில், காடுகளையும் புதர்வெளிகளையும் ஊடறுத்துச் செல்லும் சரளைக்கல் பாதைகள் ஆகும். இவற்றின் மொத்த நீளம் 160 கிலோமீட்டருக்கும் அதிகமாகும்.

நிலப்பகுதி

இப்பூங்காவின் பெரும்பகுதி ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் வில்லியம் மன்னர் வேட்டைக்காக ஒதுக்கிய இக்காடு 2005இல் தேசியப் பூங்காவானது. ஓக், பீச் மரக்காடுகளுக்கு இடையே ஹெதர், கோர்ஸ் ஆகிய குறும்புதர்கள் நிறைந்த திறந்தவெளிகள் காணப்படுகின்றன. உள்ளூர் மக்களின் மட்டக்குதிரைகளும் மாடுகளும் கட்டின்றி மேய்வதால் இவ்வெளிகள் காடாக மாறாமல் நிலைத்துள்ளன.

தடங்கள்

பல தடங்கள் வனப்பணிக்காக அமைக்கப்பட்ட சரளைச் சாலைகளாகும். புரொக்கன்ஹர்ஸ்ட் ஊருக்கு மேற்கே ஒரு தடம் பழைய இருப்புப்பாதையின் மீது செல்கிறது. 1847இல் திறக்கப்பட்ட அப்பாதை, அதன் வளைவுகளால் 'காசில்மேனின் தக்கைத்திருகி' எனப் பட்டப்பெயர் பெற்றது. இப்பகுதியில் பயணிகள் தொடருந்துச் சேவை 1964இல் நிறுத்தப்பட்டது. தொடருந்துக்காக அமைக்கப்பட்டதால் இத்தடத்தில் செங்குத்தான ஏற்றங்கள் இல்லை.

கட்டுப்பாடுகள்

புதர்வெளியில் தென்படும் எல்லா ஒற்றையடிப் பாதைகளிலும் மிதிவண்டி ஓட்ட அனுமதியில்லை. வனப்பகுதிக்குள் எண்ணிட்ட மரக்கம்பங்களால் குறிக்கப்பட்ட தடங்களிலேயே செல்ல வேண்டும். மார்ச் முதல் சூலை வரை ஆட்காட்டி, பக்கி முதலிய பறவைகள் இங்கு தரையில் முட்டையிடுகின்றன. முட்டைகள் மண்ணின் நிறத்தை ஒத்திருப்பதால் ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சக்கரம் அவற்றின் மேல் ஏறாவிடினும், தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால் முட்டைகள் குளிர்ந்துபோகும். அல்லது காகங்களுக்கு இரையாகும்.