காலுக்கடியில் ஒரு யந்திரம்

கடலில் அலை இல்லாத நாட்களில் பொழுது போகாமல் தவித்த கலிபோர்னியா வாலிபர்கள், பலகைக்கு அடியில் சக்கரங்களை மாட்டிக்கொண்டு தெருவிலேயே அலைச் சவாரி செய்தார்கள். ஸ்கேட்போர்டின் கதை அப்படித்தான் ஆரம்பமாகிறது. 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரம் வந்தது. பழைய களிமண் சக்கரம் போல் வழுக்காமல் அது தரையைப் பற்றிக்கொண்டது. விளையாட்டுப் பித்தும் ஊரைப் பற்றிக்கொண்டது.

இனிமேல் காலால் உந்துவானேன் என்று யாருக்காவது தோன்றாமல் இருக்குமா? 1975-ல் 'மோட்டோபோர்டு' அங்கே விற்பனைக்கு வந்தது. பலகையின் பின்புறம் சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின். அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் நுனியில், ஓட்டுகிறவன் கையில், வேகத்தைக் கூட்டும் பிடி. அவ்வளவுதான். விழாமல் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது! சைக்கிளின் ஹாண்டில்பார் எத்தனை பெரிய உபகாரம் என்பது இதை நினைத்தால்தான் புரிகிறது. கைப்பிடியைச் சற்று அதிகமாக நெருக்கினால் பலகை முன்னால் பாயும். ஆசாமி பின்னால் மல்லாந்துவிடுவான். சிறு கல் ஒன்று சக்கரத்தில் சிக்கினாலோ, பலகை நின்றுவிடும்; ஆசாமி மட்டும் மேலே போய்க்கொண்டிருப்பான். மணிக்கட்டு ஒடியலாம், மண்டையும் உடையலாம். சமதரையில் காலால் உந்துகிறவனுக்குப் பயம் வந்தால் கால் தானாகவே ஓய்ந்துவிடும். எஞ்சினுக்குப் பயம் ஏது?

போதாக்குறைக்கு இரைச்சல், புகை. 1977-ல் கலிபோர்னியா அரசு, மோட்டார் பூட்டிய பலகை சாலையிலும் நடைபாதையிலும் ஓடக் கூடாது என்று சட்டம் போட்டது.

2016-ல் மின்சாரப் பலகைக்கு மட்டும் மன்னிப்புக் கிடைத்தது. பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், தலைக்கவசம் வேண்டும், மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பலகைக்குத் தடை இன்னும் நீங்கவில்லை. குதிரைகள் போகிற பாதையில்கூட அதற்கு இடமில்லை.