செல்போண் தோட்டத்தில் இலையுதிர்காலம்

இங்கிலாந்தின் தென்பகுதியிலே ஹம்ஷயரில் அமைந்துள்ள செல்போண் என்னுஞ் சிற்றூர், போரினாலோ அரச மாற்றத்தினாலோ வரலாற்றில் இடம்பெற்றதன்று. அவ்வூரில் 1720 ஆம் ஆண்டு பிறந்து, ஒக்ஸ்போட்டில் ஓரியல் கல்லூரியிற் கற்று, மீண்டும் ஊர் திரும்பித் துணைக்குருவாகப் பணிபுரிந்த கில்பேட் வைற் என்பவரின் தோட்டமே அதற்குப் பெயர் தேடித் தந்தது. அரசர்களின் ஆட்சியாண்டுகளை மனனஞ் செய்து பழகிய வரலாற்று மாணவருக்கு ஒரு தோட்டத்தின் நாட்குறிப்பு அற்பமானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவுலகம் சான்றையும் ஊகத்தையும் எவ்வாறு கையாண்டது என்பதை அறிய இதனிலுஞ் சிறந்த மூலங்கள் அதிகமில்லை.

1751 இல் வைற் தமது தோட்டக் குறிப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது விதைப்பு, உரம், முலாம்பழப் பாத்தி ஆகியன பற்றிய வெறுங் கணக்காகவே இருந்தது. 1768 முதல், டேய்ன்ஸ் பாரிங்ரன் என்னும் சட்ட அறிஞர் வகுத்த அச்சுப் படிவத்தில் வெப்பநிலை, காற்று, மழை, பூக்கும் செடிகள், தோன்றி மறையும் பறவைகள் ஆகியவற்றைத் தனித்தனி நிரல்களில் எழுதலானார். 1793 ஜூனில் அவர் இறக்கும்வரை அப்பழக்கம் நீடித்தது. இலையுதிர்காலத்தில் அந்நிரல்கள் செறிவு பெறுகின்றன. கழுத்தில் வெண்பிறை கொண்ட கரும்பறவையினம் ஒன்று செப்ரெம்பர் இறுதியில் வந்து, இரு வாரமளவில் தங்கிப் போய்விடுவதை அவர் கண்டார். பறவைகள் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்கின்றன என்பதற்கு அது நேரடிச் சான்றாயிற்று.

அவரை அலைக்கழித்த வினா வேறொன்று. தகைவிலான் குருவிகளும், வீட்டுக் கூரையோரங்களில் சேற்றினாற் கூடுகட்டும் மாட்டின் பறவைகளும் குளிர்காலத்தில் எங்கே செல்கின்றன? (இலையுதிர்காலமே இல்லாத எமது நாட்டில் இவ்வினா எழ இடமில்லை, இங்கு தகைவிலான்கள் மறைவது அப்பருவத்திலன்று, ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து அவை வந்து சேருங் காலமே அது.) அவை பொந்துகளில் ஒடுங்கியிருக்கும் என்ற கருத்து அரிஸ்ரோட்டில் காலந்தொட்டு நிலவியது. பதினாறாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு ஓலாவுஸ் மக்னுஸ் அவை நீருக்கடியிற் கிடப்பதாகவே எழுதினார். பாரிங்ரன் இடப்பெயர்ச்சிக் கொள்கையைக் கடுமையாக மறுத்தவர். மறுபுறத்தில், ஜிப்ரோல்ரரில் குருவாகவிருந்த வைற்றின் தம்பி ஜோன், தகைவிலான்கள் நீரிணையைக் கடந்து செல்வதை நேரிற் கண்டு எழுதியிருந்தார்.

தம்பியின் சாட்சியத்தை வைற் ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஐயம் அகலவில்லை. காரணம், அவரது குறிப்பேடே. ஒக்ரோபர் முதல் வாரமளவில் முற்றாக மறைந்துவிட்டனவாகத் தோன்றிய மாட்டின் பறவைகள், நவம்பர் 4 ஆந் திகதி ஒரு காலைப்பொழுது மட்டும் இருபதுக்கு மேற்பட்டனவாக மீண்டுந் தோன்றின. கடல் கடந்து போனவை எவ்வாறு ஒரு நாளைக்கு மட்டும் திரும்பி வரும் என்பது நியாயமான வினாவே. பிந்திய கூடுகளிற் பிறந்தவையோ வடக்கிலிருந்து தாமதித்து வந்தவையோ அவ்வழியாகச் சென்றிருக்கலாம் என்று இன்று கூறுதல் எளிது.

இவ்வையத்துக்கு வலுவூட்டியது ஓர் ஆமை என்றே கருதவேண்டியுள்ளது. சசெக்ஸில் வாழ்ந்த அவரது அத்தையின் தோட்டத்தில் திமோதி எனப் பெயரிடப்பட்ட ஆமையொன்று வளர்ந்தது. 1771 நவம்பர் 1 ஆந் திகதி அது குளிர்கால உறைவிடந் தோண்டத் தொடங்கியதை வைற் கண்டார். முன்கால்களாற் சுரண்டி, பின்கால்களால் மண்ணை முதுகுக்கு மேலே எறிந்து, இரவும் பகலும் அது உழைத்தது. நண்பகல் வெயில் காய்ந்தால் வேலையை விட்டு வெளியே வந்துவிடும். 13 ஆந் திகதிவரை அவர் அங்கு தங்கியிருந்தும் குழி முற்றுப்பெறவில்லை. அத்தை இறந்தபின், 1780 மார்ச்சில் அதனை மண்ணிலிருந்து எடுத்து, 80 மைல் தூரம் வண்டியிற் கொண்டுவந்து தம் தோட்டத்தில் விட்டார். மரணம்போன்ற உறக்கத்திலிருந்து ஓர் உயிர் ஆண்டுதோறும் எழுந்து வருவதைக் கண்ணாற் கண்டவருக்கு, குருவியும் அவ்வாறே எங்கோ உறங்கலாமென எண்ணுவது பேதைமையாகத் தோன்றியிராது. ஒரே பருவத்தில் நிகழ்ந்த இரு மறைவுகளுக்கு ஒரே காரணத்தை நாடியதே அவரது தவறு.

ஆனால் அத்தவறைச் சோதித்துப் பார்க்க அவர் தயங்கவில்லை. 1781 ஏப்ரலில், ஊரையொட்டிய ஹாங்கர் என்னும் பீச் மரச்சரிவிலே ஆட்களைக் கொண்டு புதர்களையும் பொந்துகளையும் கிளறச் செய்தார். உறங்கும் பறவை ஒன்றேனும் அகப்படவில்லை. அவ்வேளையிலேயே அவ்வாண்டின் முதலாவது மாட்டின் பறவை ஊர்த்தெருவிற் பறந்து வந்தது! தமக்குச் சாதகமற்ற இந்த முடிவையும் அவர் மறைக்காது எழுதிவைத்தார். 1789 ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவரது நூல் அக்காலத்துப் பிற இயற்கை நூல்கள் பலவற்றிலும் உயர்ந்து நிற்பது இந்நேர்மையினாலேயே எனலாம். திமோதி மட்டில் இன்னொரு தவறும் நேர்ந்தது. ஆணென எல்லோரும் கருதிய அந்த ஆமை 1794 இல் இறந்தது. அதன் ஓட்டைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர் அது பெண்ணெனக் கண்டனர்.

தகைவிலானைப் பற்றிய விடை வைற் மறைந்து 119 ஆண்டுகளின் பின்னரே கிடைத்தது. 1911 இல் இங்கிலாந்தின் ஸ்ரஃபோட்ஷயரில் காலில் வளையமிடப்பட்ட பறவையொன்று 1912 டிசெம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றாலிற் பிடிபட்டது. வைற் பொந்துகளிலே தேடிய மாட்டின் பறவைகளும் ஆபிரிக்காவுக்கே செல்கின்றன. அக்கண்டத்தில் அவை எப்பகுதிகளிற் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பது இன்னும் முழுமையாக அறியப்படவில்லை.